பதினாறடிப் படகும் ஏழடி ராடும்

போன கோடையில நண்பர் ஒருத்தர் பழைய விசைப்படகு ஒண்ணு வாங்கினார். நீளம் 16 அடி, ஃபைபர் உடம்பு, பின்னால தொங்கும் எஞ்சின். மிஷிகன்ல ஏரிக்கா பஞ்சம்? வாராவாரம் கிளம்பிடுவோம். மூணாவது வாரம் ஒரு தூண்டில் ராடு உடைஞ்சுது. மீன் இழுத்து உடைஞ்சிருந்தா நாலு பேர்கிட்ட பெருமையாச் சொல்லிக்கலாம். இது மிதிபட்டு உடைஞ்சது. மிதிச்சவர் ஊரிலிருந்து வந்திருந்த அவரோட மாமனார்.

பாவம், மனுஷன் மேல ஒரு தப்பும் கிடையாது. படகுல ராடு வைக்க இடமே இல்ல. ஆறு ராடும் தரையில குறுக்கும் நெடுக்குமாக் கிடந்துச்சு. இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போகணும்னா எங்கயாவது காலை வெச்சுத்தானே ஆகணும்? "பரவால்ல மாமா, விடுங்க"ன்னு நண்பர் சிரிச்சுக்கிட்டுதான் சொன்னார். ஆனா அடுத்த வாரம் "எனக்கு முட்டி வலிக்குது மாப்ளே, நீங்க போய்ட்டு வாங்க"ன்னு மாமா வீட்டிலயே இருந்துட்டார். அதுக்கடுத்த வாரமும் முட்டி வலி. எங்க ரெண்டு பேருக்கும் சங்கடமாப் போச்சு.

அப்பதான் எனக்கு அந்தக் கேள்வி வந்துச்சு. மீன்பிடிக்கன்னே கட்டி வித்த படகு இது. கட்டினவன் ராடு எங்க வைக்கறதுன்னு யோசிக்கவே இல்லையா? ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ரெண்டு மூணு வாரம் இதையே நோண்டிக்கிட்டிருந்தேன். கிடைச்சதை எல்லாம் இங்க கொட்டி வைக்கிறேன். மீன்பிடிக்கறதுல ஆர்வமே இல்லாதவங்களும் படிக்கலாம், கவிச்சி அடிக்காது :-)

முதல்ல படகோட ஜாதகம். அமெரிக்காவுல 1972 நவம்பர் 1ஆம் தேதியிலிருந்து கட்டற ஒவ்வொரு படகுக்கும் ஒரு அடையாள எண் உண்டு. பின்பலகையோட வலப்பக்கத்துல 12 எழுத்தும் எண்ணுமா இருக்கும். முதல் மூணு எழுத்து கட்டின கம்பெனி, அடுத்த அஞ்சு வரிசை எண், கடைசி நாலுல தேதி. நண்பரோட படகுல கடைசி நாலு 0479. அதாவது 1979 ஏப்ரல்.

அதை விட சுவாரசியமான ஆவணம் படகோட உள்பக்கச் சுவர்ல இருந்துச்சு. ஆணித் துளைகள்! சாயத்தைச் சுரண்டிப் பார்த்தா மூணு தலைமுறை தெரிஞ்சுது. முதல் தலைமுறை, தோல் பட்டைகள். மூணரை அடி இடைவெளியில ரெண்டு, பித்தளைப் பொத்தானோட. ஒரு பக்கத்துப் பட்டை இன்னும் இருக்கு, மறுபக்கம் துளை மட்டும். ரெண்டாவது, அதைவிட அகலமா அஞ்சு அடி இடைவெளியில ஏதோ பிளாஸ்டிக் தாங்கி வெச்சிருந்த தடம். மூணாவது, பின்பக்கம் மேல் விளிம்பையே வட்டமா அறுத்து உள்ள குழாய் இறக்கின ரெண்டு ஓட்டை. சுத்தி சிலிக்கான் பூசி, அதுவும் வெடிச்சுப் போயிருந்தது. மூணு பேர் மூணு காலத்துல இதே பிரச்சினையோட மல்லுக்கட்டியிருக்காங்க. ஏன் ஒருத்தரோட வழி அடுத்தவருக்கு ஒத்துவரல? அதுக்குக் கொஞ்சம் பெரிய கொசுவத்தியாச் சுத்தணும்.

படகுக்கு மோட்டார் வர்றதுக்கு முன்னாடி ராடு வைக்கறது ஒரு பிரச்சினையே இல்ல. ஏன்னா ராடு துண்டு துண்டா இருந்துச்சு. 1840கள்ல பென்சில்வேனியாவுல ஈஸ்டன்ங்கற ஊர்ல சாமுவேல் ஃபிலிப்னு ஒருத்தர் துப்பாக்கி செஞ்சார், வயலினும் செஞ்சார். மூங்கிலைப் பட்டை பட்டையாப் பிளந்து, ஒட்டி, அவர் செஞ்ச ராடுகள்தான் அமெரிக்காவுல பிளந்த மூங்கில் ராடுக்கு முன்னோடி. 1870கள்ல மெய்ன் மாநிலத்து ஹைரம் லெனார்ட் ஆறு பட்டை ஒட்டி அறுகோணமாச் செய்யறதை ஒரு தொழிலாவே ஆக்கிட்டார். அந்த ஆரம்பகால ராடுகளுக்கு மூங்கில் எங்கிருந்து போச்சு தெரியுமா? நம்ம நாட்டுலருந்துதான். வியாபாரத்துல அதுக்குப் பேரே கல்கத்தா மூங்கில். அப்புறம்தான் தெற்குச் சீனாவோட டோங்கின் மூங்கில் வந்து அதை ஓரங்கட்டிச்சு. (டோங்கின்ங்கறது வியட்நாம் பக்கத்துப் பேரு, மூங்கில் வளர்றது குவாங்டாங்ல. வியாபாரிங்க வெச்ச பேரு, அப்படியே நின்னுடுச்சு.)

இந்த ராடு 10 அடி இருந்தாலும் மூணு துண்டு. உலோகக் குழல்ல சொருகிச் சேர்க்கணும், வேலை முடிஞ்சதும் கழட்டித் துணிப்பையில சுத்திக் குழாய்க்குள்ள போடணும். ரயில்ல போற ஆளுக்கு மூணரை அடிக்கு மேல சுமை இருக்கக் கூடாதுன்னு வந்த ஏற்பாடு. ஏரிக்கரையில இறங்கி, துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்து, ராடைச் சேர்த்து, ரெண்டு இடம் பார்த்துட்டு சாயங்காலம் கழட்டிட வேண்டியதுதான். ஒருத்தருக்கு ஒரு ராடு. அது கையில இருக்கும், இல்லைன்னா பைக்குள்ள இருக்கும். நடுவுல வைக்க இடமே தேவைப்படல.

நம்ம கரையில இந்தப் பிரச்சினை இன்னும் எளிசு. கைத்தூண்டில் போடறவங்களுக்கு ராடே கிடையாது. கட்டையில சுத்தின தங்கூஸ், முள்ளு, ஈயம், அவ்வளவுதான். கட்டையை எங்க வேணா வைக்கலாம்.

எல்லாத்தையும் மாத்தினது எஞ்சின்தான். டெட்ராய்ட்ல கேமரன் வாட்டர்மன் கொஞ்சம் முன்னாடியே படகுக்குப் பின்னால மாட்டற எஞ்சினை வித்துக்கிட்டிருந்தார். ஆனா ஊர் பூரா பரவினது மில்வாக்கி ஓலே எவின்ரூட் 1909ல விக்க ஆரம்பிச்சதுக்கப்புறம்தான். ஒண்ணரைக் குதிரை சக்தி, எடை 62 பவுண்டு. இன்னைக்குப் பார்த்தா சிரிப்பா இருக்கும். ஆனா துடுப்புப் போட்டுப் போற இடத்துக்கு அலுங்காம, இன்னும் சீக்கிரமாப் போயிடலாம்னா என்ன ஆகும்? ஒரே நாள்ல எட்டு இடம் பார்க்கலாம். எட்டு இடத்துலயும் ராடைச் சேர்த்து எட்டு தடவை கழட்டறதுக்கு யாருக்குப் பொறுமை? முள்ளு மாட்டி, நூல் கோத்து, முழு நீளத்துல ராடைப் படகுலயே போட்டு வைக்கற பழக்கம் இப்படித்தான் வந்திருக்கணும்னு நான் நினைக்கிறேன். மாமா காலுக்குக் கீழ ராடு வந்ததோட ஆரம்பம் இதுதான்.

ஆனாலும் ரொம்ப நாள் ஒப்பேத்திட்டாங்க. காரணம், ராடு நடுவுல குட்டையாச்சு. 1881ல கருப்பு பாஸ் மீனைப் பத்தி தடிமனா ஒரு புத்தகம் எழுதின ஜேம்ஸ் ஹென்ஷல் சிபாரிசு பண்ணின ராடு எட்டேகால் அடி. அப்புறம் மத்திய மேற்கு மாநிலங்கள்ல படகுல உக்காந்து தலைக்கு மேல வீசிக் குறி பார்த்துப் போடற முறை வந்துச்சு. 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துலயே அஞ்சு, ஆறு அடி ராடுதான் அங்க வாடிக்கை. 1970கள்ல பாஸ் பிடிக்கறவங்க கையில இருந்தது அஞ்சரை அடி ராடு, துப்பாக்கிப் பிடி மாதிரி குட்டிக் கைப்பிடியோட. நண்பர் படகுல மூணரை அடி இடைவெளியில தோல் பட்டை இருந்துச்சே, அதுக்குக் கணக்கு இங்க சரியா உக்காருது. 1979ல அஞ்சரை அடி ராடைச் சுவரோரமா ரெண்டு பட்டையில மாட்டினா ரெண்டு பக்கமும் ஒரு ஒரு அடி நீட்டிக்கிட்டு அழகா நிக்கும். படகைக் கட்டினவன் யோசிக்காம இல்ல. அவன் காலத்து ராடுக்கு யோசிச்சான், அவ்வளவுதான்.

இதுக்கு நடுவுல ஃபைபர் கிளாஸ் வந்து படகையும் மாத்துச்சு, ராடையும் மாத்துச்சு. ராடுல முதல்ல. ஆர்தர் ஹோவால்ட்னு ஒரு பிசின் விஞ்ஞானி. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல மீன்பிடிக்கப் போன இடத்துல மூங்கில் ராடோட நுனி உடைஞ்சு போக, கண்ணாடி இழையையும் பிசினையும் வெச்சு வேற நுனி செஞ்சு பார்த்தார்ங்கறது பரவலாச் சொல்லப்படற கதை. போர் முடிஞ்ச கையோட 1940களோட பிற்பகுதியில மிஷிகன் கலமஸூல இருந்த ஷேக்ஸ்பியர் கம்பெனி அவர் முறையில ஃபைபர் கிளாஸ் ராடை விற்பனைக்குக் கொண்டு வந்துச்சு. 1950 கடைசியில கொரியப் போரால சீனச் சரக்குக்கு அமெரிக்கா தடை போட்டதும் டோங்கின் மூங்கில் வரத்தும் நின்னுது. ஃபைபர் ராடு எல்லா வீட்டுக்குள்ளயும் புகுந்துடுச்சு. மலிவு, நனைஞ்சாலும் கெடாது, முக்கியமா ஒரே துண்டா சுலபமாச் செய்யலாம். ரயில் போய் காரும் வந்தாச்சு, துண்டு போட வேண்டிய அவசியமும் குறைஞ்சுது.

படகுல நடந்தது இன்னும் தமாஷ். ரிச்சர்ட் ஃபிஷர்னு ஒருத்தர், ரெண்டு ஃபைபர் ஓட்டுக்கு நடுவுல நுரை மாதிரி ஃபோமைப் பொங்க விட்டு 13 அடிப் படகு ஒண்ணு செஞ்சு 1958ல பாஸ்டன் வேலர்ங்கற பேர்ல விக்க ஆரம்பிச்சார். 1961ல லைஃப் பத்திரிகையில ஒரு படத் தொகுப்பு வந்துச்சு. மனுஷன் அந்தப் படகுல உக்காந்து, அதை ரம்பத்தால நடுவுல ரெண்டா அறுத்து, எஞ்சின் இருக்கற பாதியை ஓட்டிக்கிட்டே போறார்! மூழ்காத படகுன்னு அதை விட எப்படிச் சொல்ல முடியும்? ஆனா ராடு வைக்கறவன் கண்ணோட பாருங்க. மூழ்காம இருக்கறதுக்குக் காரணமே படகுக்குள்ள காலி இடம் இல்லாததுதான். சுவருக்கும் தரைக்கும் உள்ள எல்லாம் ஃபோம். ராடை எங்கடா சொருகறது?

எல்லாப் படகும் அப்படி இல்லைதான். ஆனா 1971ல அமெரிக்காவுல படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அதைத் தொடர்ந்து 1970களோட கடைசியில, 20 அடிக்குக் குறைவான, வெளிப்புற எஞ்சின் மாட்டற படகுகளுக்கு ஒரு விதி வந்துச்சு. தண்ணி நிறைஞ்சாலும் படகு கவிழாம மட்டமா மிதக்கணும், பிடிச்சுக்கிட்டிருக்க ஆட்களுக்கு ஆதாரமா இருக்கணும். அதுக்காகத் தரைக்கடியிலயும் பக்கச் சுவருக்குள்ளயும் ஃபோம் அடைச்சாங்க. அதனால, பழைய படகுல 'உள்ள சும்மாதானே கிடக்கு'ன்னு நமக்குத் தோணற இடம் பல சமயம் சும்மா கிடக்கல. உயிர் காக்கறதுக்காக அங்க இருக்கு. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வர்றேன்.

1967ல அலபாமாக்காரர் ரே ஸ்காட், ஆர்கன்சா மாநிலம் பீவர் ஏரியில 106 பேரைச் சேர்த்து ஒரு பாஸ் மீன்பிடிப் போட்டி நடத்தினார். அடுத்த வருஷமே பாஸ் ஆட்களுக்குன்னு ஒரு சங்கம். அதே 1968ல அதே ஆர்கன்சாவுல ஃபிளிப்பின்ங்கற சின்ன ஊர்ல ஃபாரஸ்ட் வுட், ரேஞ்சர் படகுகளைக் கட்ட ஆரம்பிச்சார். (பாஸ் பிடிக்கன்னே தனிப் படகுங்கற யோசனை அதுக்கும் 20 வருஷம் பழசு. 1948ல லூசியானாவுல ஹோம்ஸ் தர்மண்ட் கட்டின ஸ்கீட்டர்தான் முதல்னு சொல்லுவாங்க.) போட்டின்னு வந்துட்டா நேரம்தான் காசு. தூண்டி மாத்தற நேரத்துல ராடையே மாத்திட்டா? ஒரு ராடு எட்டு ராடாச்சு. எட்டும் முள்ளோட தயாரா இருக்கணும், சிக்கக் கூடாது, மிதிபடக் கூடாது. படகோட முன்பாதியைத் தளம் போட்டு மூடி, அதுக்குக் கீழ நீளப் பெட்டி வெச்சு, பூட்டு போட்டாங்க. அந்தப் பெட்டியில ஒவ்வொரு ராடுக்கும் தனிக் குழாய். நுனி குழாய்க்குள்ள, ரீல் வெளியில. படகு வரலாற்றுல ராடுக்குன்னு கிடைச்ச முதல் மரியாதையான வீடுன்னு நான் இதைத்தான் சொல்லுவேன்.

வீடு கட்டி முடிக்கறதுக்குள்ள ராடு வளர ஆரம்பிச்சிருச்சு! கலிஃபோர்னியாவோட டீ தாமஸ், நாணல் புதருக்குள்ள நீளக் கம்பால தூண்டியை அலுங்காம இறக்கற வித்தையில கெட்டிக்காரர். 1970களோட நடுவுல அந்த வித்தை நாடு பூரா பரவுச்சு. அதுக்கு வேண்டிய ராடு ஏழரை அடி. பெட்டி பத்தாது. அதனால அடிப்பகுதி கைப்பிடிக்குள்ள இறங்கற மாதிரி, குடைக்கம்பி கணக்கா ராடு செஞ்சாங்க. பெட்டிக்காக ராடைக் குறைச்சாங்க, பெட்டியை நீட்டல.

இன்னொரு பக்கம் கார்பன் இழை. 1960கள்ல இங்கிலாந்து ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்துல விமானத்துக்காக உருவானது, 1973 வாக்குல ஃபென்விக் கம்பெனி மூலமா ராடுக்கு வந்துச்சு. எடை ஏகத்துக்கும் குறைஞ்சுது. அஞ்சரை அடி இருந்த இடத்துல ஏழு அடி பிடிச்சாலும் கை வலிக்கல. துப்பாக்கிப் பிடி போய், முழங்கை வரைக்கும் வர்ற நீளக் கைப்பிடி வந்துச்சு. ஆனா கார்பனுக்கு ஒரு குணம் உண்டு. வளைச்சா தாங்கும், பக்கவாட்டுல அடிபட்டா தாங்காது. படகு குதிச்சுப் போறப்ப தாங்கியோட முனையில டொக்கு டொக்குனு இடிச்சா கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். ராடு அன்னைக்கு உடையாது. ரெண்டு வாரம் கழிச்சு நல்ல மீன் மாட்டற அன்னைக்குத்தான் உடையும். பழைய ஃபைபர் ராடைத் தரையில போட்டு வெச்சவன் பொழைச்சான். கார்பன் ராடைப் போட்டு வெச்சவன் அழுதான்.

நண்பர் படகோட ரெண்டாவது தலைமுறைத் துளை இந்தக் காலத்துதான்னு என் ஊகம். அஞ்சு அடி இடைவெளி, ஏழடி ராடு. ஆனா உள்சுவரோட நேரான பகுதியை அளந்தா 6 அடி 2 அங்குலம்தான். அப்புறம் படகு வளைஞ்சு ஒடுங்குது. நுனி அந்த வளைவுல முட்டியிருக்கும். ரெண்டு நுனி போனதும் தாங்கியைப் பிடுங்கிப் போட்டிருப்பார்.

மூணாவது ஆள் கடல் பக்கத்துக்காரர் மாதிரி யோசிச்சவர். கடல்ல எஞ்சினை மெதுவா ஓட்டிக்கிட்டே தூண்டியை இழுத்துட்டுப் போவாங்க. அதுக்கு விளிம்புல குழாய் இறக்கி ராடைச் சாய்வா நட்டு வைக்கறது ரொம்ப சரி. பெரிய படகுல கூரை விளிம்புல வரிசையா ராடு நிக்கும், அதுக்கு ராக்கெட் லாஞ்சர்னே பேரு. ஆனா ஏரியில கரையோரம் மரக்கிளைக்குக் கீழ போற படகுக்கு அது ஒத்து வராது. கிளையில மாட்டும், வீசற கையில இடிக்கும். மின்னல் வெட்டற நேரத்துல கார்பன் ராடை நட்டமா நிறுத்தி வைக்கறது நம்ம தலைக்கு நாமே இடிதாங்கி வைக்கற கதை, ஏன்னா கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.

அதைவிடப் பெரிய வம்பு அந்த ஓட்டை. விளிம்பை அறுத்து இறக்கின குழாயோட அடி திறந்திருந்தா மழைத் தண்ணி நேரா சுவருக்குள்ள போகும். உள்ள ஃபோம் இருக்குன்னு சொன்னேன் இல்லையா? அது வருஷக்கணக்கா ஊறினா தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கும். படகு கனமாகும், மிதக்க வைக்க வேண்டிய ஃபோமே ஆழம் பார்க்க வைக்கும். பக்கத்துல ஒட்டுப்பலகை இருந்தா அதுவும் உளுத்துப் போகும். நண்பர் வேற "இந்தச் சுவரை நீளமா அறுத்து உள்ள பெட்டி வெச்சா என்ன?"னு ரம்பத்தோட நின்னுட்டிருந்தார். இதெல்லாம் படிச்சிருந்ததால மொதல்ல ரம்பத்தைப் பிடுங்கி வெச்சேன். பழைய ஓட்டைக்குள்ள ஒரு கம்பியை விட்டுப் பார்த்தோம். ஈரமாத்தான் வந்துச்சு, நல்ல வேளையா கொஞ்ச தூரம் மட்டும். கோடை பூராவும் தார்ப்பாய்க்குக் கீழ காய வெச்சு, அறுத்த இடத்தைக் கண்ணாடி இழையும் எபாக்ஸியும் வெச்சு அடைச்சார்.

அப்ப ராடு? விஷயத்தை மாமாகிட்ட கொண்டு போனோம். முட்டி வலியை மறந்து வீட்டு வாசல்ல நிறுத்தியிருந்த படகைச் சுத்தி ஒரு நடை நடந்தார். முன்தளத்துக்குக் கீழ நங்கூரக் கயிறு போடற இருட்டுப் பொந்து ஒண்ணு இருக்கு. குனிஞ்சு கையை விட்டுப் பார்த்தார். "தம்பி, ஊர்ல தூண்டிக் கம்பை எங்க வைப்போம்? எரவாணத்துல சொருகுவோம். நுனி மட்டும் உள்ள போனாப் போதும்ல?"

அம்புட்டுதான். ஆர்கன்சாக்காரங்க போட்டிக்காகக் கண்டுபிடிச்ச அதே குழாய்! ஏழடி ராடுல உடையற பகுதி நுனியோரம் மூணு அடிதான். அதை முன்தளத்துக்குக் கீழ விட்டுட்டா, மீதி நாலு அடிக்கு 6 அடி 2 அங்குலச் சுவர் தாராளம்.

ரெண்டு அங்குல பிவிசி குழாய், மூணரை அடி நீளத்துல பக்கத்துக்கு மூணு. வாயோரத்தை ஹேர் ட்ரையர்ல சூடு பண்ணிக் கொஞ்சம் விரிச்சுவிட்டோம், ராடோட வளையம் தட்டாம இருக்க. பொந்துக்குள்ள ஒரு பலகையில ஓட்டை போட்டு குழாயை நிறுத்தி, பலகையைப் பிசின்ல ஒட்டினோம். படகு உடம்புல புதுசா ஒரு ஆணி கூட அடிக்கல. பின்பக்கம் கைப்பிடி உக்கார ரெண்டாவது தலைமுறை ஆளோட பழைய துளைகளையே துருப்பிடிக்காத திருகாணியும் கசியாத பசையும் போட்டுப் பயன்படுத்தினோம். மெத்தைத் துண்டு வெச்ச தாங்கி, மேல ரப்பர் பட்டை. ஏழரை அடி ராடு ஒண்ணு மட்டும் எங்கயும் அடங்கல. அதை வித்துட்டு ரெண்டு துண்டு ராடா வாங்கிக்கிட்டார். லெனார்ட் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்.

மொத்தச் செலவு நாப்பது டாலருக்குக் கொஞ்சம் மேல, பசைக்குத்தான் அதிகம். தரை இப்ப காலி. மாமா ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை எங்களோட வந்தார். நடுவுல நின்னுக்கிட்டு, கீழ பார்க்காமலே முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தார். மிச்சமிருந்த அந்த ஒத்தைத் தோல் பட்டையை நண்பர் கழட்டல. மிதிபட்டு நுனி போன ராடை அறுத்து, புது நுனி வளையம் ஒட்டினதுல அஞ்சரை அடி தேறுச்சு. அது இப்ப அந்தப் பட்டையிலதான் தொங்குது, பேரு மாமா ராடு.